பத்தடிக்குப் பதினொன்றரை

சேரவில்லை. வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுவந்து கடைசித் தண்டவாளத் துண்டை வைத்தால், முதல் துண்டின் மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு அரிசி நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்தது. சந்து விழுந்த இடத்தில் கம்ப்யூட்டர் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தது. சேர்ந்திருந்தால் பச்சையாகியிருக்கும். சென்னியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், அந்தத் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதைவிடக் கொஞ்சம் நீளமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இப்போது தண்டவாளம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. மறுபடியும் சிவப்பு. அட என்ன கருமம்டா இது என்று வாய்விட்டே சொன்னார். நூற்பு மெஷினுக்கு டிராயிங் போட்டே தலை நரைத்த மனுசன். தலைமுடி கனத்தைக் கோடாகப் போட்டுக் கொடுத்த கை, விளையாட்டு ரயிலுக்கு ஒரு வட்டம் போட முடியாமல் தடுமாறுகிறது என்றால் யார் நம்புவார்கள்? பழைய டிராயிங் ஆபீஸ்காரன் எவனாவது பார்த்தால் பீளமேடு பூராவும் சொல்லிச் சிரிப்பான். நாளைக்குக் காலையில் ஆசாரி வருகிறார். பிளைவுட் பலகைகள் வந்து, அதோ சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அறை முழுக்க அதன் பசை வாசம். எங்கே அறுக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிட்டால் அவர் பாட்டுக்கு அறுத்து அடித்துவிட்டுப் போவார். ஒரே ஒரு புள்ளிதான் பச்சையாக வேண்டும். ஆனால் காலையில் வந்த போன் இவரை விட்டால்தானே. மீன்முள் தொண்டையில் மாட்டிக்கொண்டால் வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கிப் பார்ப்போமே, அப்படித்தான் சாப்பிட்டு எழுந்ததிலிருந்து துண்டுகளை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார். முள் இறங்கவில்லை. பிருந்தா எதற்கு அதைக் கேட்டாள்?

கேட்டது என்னவோ சாதாரணக் கேள்விதான். ஓசூரிலிருந்து மகள் கூப்பிட்டால் அவள் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். துளசிமணியும் அவளும் பேசி முடித்த மிச்சம்தான் இவர் காதுக்கு வரும், அப்பா சாப்ட்டாச்சா, அப்பா பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று. இன்றைக்கு நேராக இவர் போனுக்கு வந்தது. துளசிமணி காய் வாங்கப் போயிருந்தாள். இவர் இந்த அறையில்தான் இருந்தார், ஸ்க்ரூ டிரைவரால் ஜன்னல் கொக்கியைக் கழற்றிக்கொண்டு. அப்பா என்றாள். சொல்லு கண்ணு என்றார். எங்கேயோ துணி காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம். மாடியில் துணி காயப்போடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு கேட்டாள்: "என் ரூமு இப்ப எப்பிடீங்ப்பா இருக்குது?" கேட்டதுதான் தாமதம், இந்த மனுசன் பிடித்துக்கொண்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிப்போய் இருந்தவர்தானே. "உன் ரூமா? அடையாளமே தெரியாது போ! அலமாரியை எடுத்தாச்சு. கட்டிலக் கழட்டி உங்க சின்னம்மா ஊட்டுக்குக் குடுத்தாச்சு. செவுத்துக்குச் செவுரு பத்தடிக்குப் பதினொண்ணரை, சுத்தமாக் கெடைச்சிருக்குது கண்ணு. மூணு செவுத்தையும் ஒட்டிப் பலகை வருது, கதவுப்பக்கம் மட்டும் ஒரு ஆள் நிக்கறாப்பல எடம்..." அவள் ம் என்றாள். இவர் வளைவைச் சொன்னார், குகையைச் சொன்னார், ஜன்னல் ஓரம் வரப்போகிற சின்ன ஸ்டேஷனைச் சொன்னார். அவள் ம் என்றாள். கடைசியில், "சரிங்ப்பா. நல்லா இருக்கட்டும்" என்றாள். "என்ன கண்ணு, எதுக்குக் கேட்ட?" "ஒண்ணுமில்லீங்ப்பா. சும்மாதான்." வைத்துவிட்டாள். நல்லா இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? வீடு கட்டினவனைப் பார்த்துச் சொல்வார்கள், கல்யாணம் ஆனவனைப் பார்த்துச் சொல்வார்கள். கேலியாகச் சொல்கிற பெண்ணா அவள்? கேலியாகச் சொல்லியிருந்தால் தேவலையே. கேலியில் ஒரு உயிர் இருக்கும். இது அப்படியில்லை. ஒரு கதவை யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. துளசிமணி வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொல்லவில்லை. சொன்னால், நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்பாள். என்ன சொன்னேன் என்று சொல்லுவது?

ஒரு வளைவைச் சின்னதாக்கிப் பார்ப்போம். மூலையில் இருக்கிற பெரிய வளைவை எடுத்துவிட்டு உள்வட்டத்துத் துண்டு ஒன்றைப் போட்டார். புள்ளி இடம் மாறி ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. சிவப்பு சிவப்புதான். சித்திரை வெயில் ஜன்னலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. மின்விசிறி சுற்றுவது சூடான காற்றைத்தான். ஹாலில் துளசிமணி முந்தானையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தாள், லேசான குறட்டை. இந்த மூலைக்குக் கை எட்டுமா என்று திடீரென்று ஒரு சந்தேகம். ரயில் கவிழ்வதெல்லாம் மூலையில்தான் கவிழும், இன்டர்நெட்டில் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கவிழ்ந்தால் கையை நீட்டி எடுத்து வைக்க வேண்டும். திரையில் அறையின் நடுவே ஒரு புள்ளி வைத்து, அங்கே நிற்பது நான் என்று சொல்லிக்கொண்டு, தன் கை நீளத்துக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டம் மூலைக்குப் போகவில்லை. போகவே இல்லை. குகை வைத்திருக்கிற இடம், உள்ளே கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். பலகைமேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்தாலும் விரல் நுனி படாது. ஓசூருக்குப் பஸ் ஏறினால் சேலத்தைத் தாண்டி, தொப்பூர் மேடு ஏறி, அரை நாள். அரை நாள் தூரத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்து கை நீளத்தை அளந்துகொண்டிருக்கிறான் ஒருத்தன். சீ, என்ன நினைப்பு இது. அவளுக்கென்ன குறை. சொந்த வீடு, நல்ல வேலையில் மாப்பிள்ளை, குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசாத மனுசன். ஆனாலும் அந்தத் துணி அடித்துக்கொள்கிற சத்தம். மாடியில் போய் நின்றுகொண்டு எதற்குக் கூப்பிட வேண்டும்? வீட்டுக்குள்ளே இருந்து கூப்பிட என்ன?

மாப்பிள்ளை தினகர் தங்கமான மனுசன், இதில் மாற்றுக் கருத்தே கிடையாது, ஊரே சொல்லும். இந்த ரயிலே அவர் கொடுத்ததுதான். பொங்கலுக்கு வந்தபோது ஒரு பெட்டியை நீட்டினார், பிரித்தால் உள்ளே விரல் நீளத்துக்கு எஞ்சினும் நான்கு பெட்டியும், ஜெர்மனிச் சரக்கு, கதவு கைப்பிடி வரைக்கும் துல்லியம். சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் போத்தனூர் ஸ்டேஷன் பாலத்தின்மேல் நின்று ரயில் எண்ணியதை எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது, மகளுக்குக்கூட நினைவில்லாததை மாப்பிள்ளை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று. "ரிட்டயர் ஆயிட்டீங்க, பொழுது போகணும்ல மாமா" என்று லேப்டாப்பில் இந்த சாஃப்ட்வேரையும் அவரே ஏற்றிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இதை இழுத்தால் நேர்த் தண்டவாளம், இதைத் தட்டினால் வளைவு என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். பிருந்தா டீ கொண்டுவந்தாள். முழுக்கை சட்டை போட்ட மாதிரி சுடிதார். என்ன கண்ணு, வெக்கையா இல்லையா என்று துளசிமணி கேட்டதற்கு, ஓசூரு குளுருக்குப் பழகிருச்சும்மா என்றாள். டம்ளரை வைக்கும்போது தட்டில் கொஞ்சம் கொட்டியது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். அவள் உடனே துணியை எடுத்து வந்து துடைத்தாள், கொட்டாத இடத்தையும் சேர்த்துத் துடைத்தாள். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? டீ கொட்டினால் துடைக்கத்தானே செய்வார்கள்? ஆனால் இந்த வீட்டில் அவள் டீயைக் கொட்டினால் ஐயோ என்று சிரிப்பாள், அம்மா துடைப்பாள் என்று விட்டுவிட்டுப் போவாள். அந்தக் கழுதை எப்போது துடைக்கக் கற்றுக்கொண்டது?

சரி, வேறு வழி. முழு வட்டம் வேண்டாம், பாதி வழியில் ஒரு பாயிண்ட் வைத்து, லைனைப் பிரித்து, உள்ளே ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டுவந்து புறப்பட்ட லைனிலேயே சேர்த்துவிட்டால்? போகிற ரயில் தானாகவே திரும்பி, வந்த வழியே வீட்டுக்கு வந்துவிடும். போட்டார். சடசடவென்று துண்டுகள் ஒட்டிக்கொண்டன, எல்லாம் பச்சை. அப்பாடா என்று சாய்ந்தபோது மஞ்சளாக ஒரு பெட்டி வந்து விழுந்தது. ஷார்ட் சர்க்யூட் என்றது. ஆமாம், மறந்துபோனார்: ஒரு கம்பியில் பிளஸ், மறு கம்பியில் மைனஸ். போன ரயில் அதே லைனில் திரும்பி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இப்படி வரக்கூடாது என்கிறது. போனது போனதுதான், வேறு லைனில் சுற்றிக்கொண்டு வரட்டும், வந்த வழியாக வரக்கூடாது. கல்யாண மண்டபத்து வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையைத் தொட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே அதுதான் கண்ணு உன் ஊடு. இங்கெல்லாம் ஒறம்பரையா வந்துட்டு ஒறம்பரையாப் போயிரோணும்" என்று சொன்ன ஆள் யாரு? இவர்தான். விருந்தாளியாக வா, விருந்தாளியாகப் போ! பெருமையாகச் சொன்னார். சம்பந்தி சிரித்தார், அண்ணன் சிரித்தார், போட்டோக்காரன்கூடச் சிரித்தான். பிருந்தா சிரித்தாளா? நினைவில்லை. போட்டோவில் பார்க்கலாம். பார்க்க இப்போது தெம்பில்லை. வளையத்தை அழித்தார். சிவப்புப் புள்ளி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

ஒரு பெண் தன் பழைய அறை எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஆசைக்குக் கேட்டிருப்பாள். படித்த அறை, உருண்டு புரண்ட அறை. அதில் என்ன வந்தது? நீதான் வயதாகி எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடுகிறாய் சென்னியப்பா, வேலையைப் பார். பார்த்தார். பார்க்கப் பார்க்க, எங்கிருந்தோ வேங்கடபதி சார் நினைப்பில் வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். டிராயிங் ஆபீசின் தலைவர், வெற்றிலை வாய், யாரையும் பெயர் சொல்லி முழுதாகக் கூப்பிடமாட்டார். இவர் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கீழே பட்டறையிலிருந்து போன், இந்த டிராயிங்கில் இந்த ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று. இவர் டிராயிங்கைப் புரட்டி, டக்கென்று சொல்லி, திருத்தமாகச் சொன்ன பெருமையோடு போனை வைத்தார். சார் கேட்டார், என்னப்பா கேட்டான்? அளவு கேட்டான் சார், சொல்லீட்டேன். சார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "போடா கிறுக்கா. டிராயிங் அவன் கையிலயும் இருக்குது. படிக்கத் தெரியாமயா கேக்கறான்? அளவு கேட்டுக் கீழ இருந்து போன் வந்துச்சுன்னா, பீஸைத் தப்பா வெட்டிப்போட்டு முழிச்சுட்டு நிக்கறான்னு அர்த்தம். அளவச் சொல்லாத, எறங்கிப்போய்ப் பாரு." போய்ப் பார்த்தால் அப்படித்தான் நின்றான், தப்பாக ஓட்டை போட்ட வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லவும் முடியாமல். அந்த முகம். அய்யோ. மவுஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பெற்ற பெண் போன் பண்ணி என் ரூம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள், இவர் பத்தடிக்குப் பதினொன்றரை என்று சொல்லியிருக்கிறார். அளவு சொல்லியிருக்கிறார்! கட்டில் இல்லை, அலமாரி இல்லை, ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லி, அவள் வாயை அவளே மூடிக்கொள்ளும்படி சொல்லி, சிரித்துக்கொண்டே சொல்லி. அட பாவி மனுசா.

போனை எடுத்தார். அவள் பெயரைத் தொடுவதற்குள் விரல் இரண்டு தடவை வேறெங்கோ பட்டது. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போடலாமா? வேண்டாம். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அவள் போனை எடுத்தது மாப்பிள்ளைதான். "சொல்லுங்க மாமா, பிருந்தா குளிச்சிட்டிருக்கா." "சொல்லுங்க மாமா, தூங்கறா, லேசாத் தலைவலி." சாயந்திரத்தில் என்ன தூக்கம், எத்தனை தடவை குளியல். அப்போது தோன்றவில்லையே. இப்போது அவர் எடுத்தால் என்ன சொல்லுவது? சும்மாதான் மாப்பிள்ளை கூப்பிட்டேன் என்றால், சும்மா கூப்பிடுகிற பழக்கம் இவருக்குக் கிடையாதென்று அவருக்குத் தெரியாதா? உங்க மாமியாருக்கு நெஞ்சு வலி, உடனே அவளை அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிடலாமா? ஹால் பக்கம் எட்டிப் பார்த்தார். நன்றாகத் தூங்குகிறவளை நோயாளியாக்குவதா? ஆக்கினால்தான் என்ன, அவளோடு கூடவே வந்து நிற்பார் அந்த ஆள், ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு. இப்போதே ஓசூரில் அந்தப் போன் யார் கையில் இருக்கிறதோ. மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு, உங்கப்பா எதுக்குடி கூப்பிட்டார், காலையில என்னடி பேசின என்று அவளிடம் மெதுவாக, குரலை உயர்த்தாமல்... எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. திரை மூலையில் இருந்த, ரயிலை ஓட்டும் பொத்தானைத் தட்டிவிட்டார். திரையில் அறை எழுந்து நின்றது, சுவர், ஜன்னல், கதவு, பச்சைப் பலகை. விரல் நீள ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, குகைக்குள் போய், வெளியே வந்து, வளைந்து வளைந்து வந்து, சந்துக்கு முன்னால் சட்டென்று நின்றது. விளக்கு எரிந்தபடி நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. முதலில் இவர் போட்ட திட்டம் இதுவே இல்லை. மடக்குகிற பலகையாகத்தான் போட்டார். கீல் வைத்து, சுவரோடு மடக்கி, வேண்டும்போது இறக்கி. அப்போதுதான் பிருந்தா வந்தால் கட்டில் போட முடியும் என்று. அதை மாற்றியது யார்? பொங்கலன்றைக்கு இதே அறையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையை இவரிடம் கொடுத்து, சுவருக்குச் சுவர் அளந்து, "மடக்கறதெல்லாம் வேண்டாம் மாமா, தண்டவாளம் கோணிக்கும். செவுத்துல அடிச்சு நிரந்தரமாப் போட்டுருங்க" என்றது யார்? அப்ப நீங்க வந்தா எங்க படுக்கறது மாப்பிள்ளை என்று இவர் கேட்டதற்கு, "நாங்க ஒரு ராத்திரி தங்கறதுக்கு ஹால் போதாதா மாமா? அவளுக்கு இனிமே இங்க எதுக்கு ரூமு?" என்று சிரித்தது யார்? கட்டில் நின்னா எடைஞ்சல், யாருக்காச்சும் குடுத்துருங்க என்றது? வாராவாரம் கூப்பிட்டு, ரயில் எது வரைக்கும் வந்துச்சு மாமா, பலகை அடிச்சாச்சா மாமா என்று கேட்டது? பாசம் என்று நினைத்தார். நண்பர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டார், எனக்கு ஒரு மகன் இருந்தால்கூட இப்படிக் கேட்கமாட்டான் என்று. பலகை அடித்தாயிற்றா என்று கேட்டது பலகைக்காக இல்லை. அவள் திரும்பி வந்து விழ ஒரு இடம் இருக்கக்கூடாது, அதற்கு. அதையும் அவள் அப்பன் கையாலேயே, அவனையே சந்தோஷமாக உட்கார்ந்து கோடு போட வைத்து. கோபம் வந்தது, அந்த ஆளின் மேல் வந்ததைவிடத் தன்மேல் அதிகமாக வந்தது. ஒருவேளை எல்லாம் என் கற்பனையோ என்று ஒரு நிமிஷம் கெஞ்சிப் பார்த்தார் யாரையோ. தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஆகட்டும், மாப்பிள்ளை காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

லேப்டாப் பக்கத்தில் வைத்திருந்த போன் கிர்ரென்று நடுங்கி நகர்ந்தது. பிருந்தா. எடுத்தார், பேசவில்லை, யார் குரல் வருகிறதென்று பார்த்தார். "அப்பா" என்று காற்றாக ஒரு குரல். "கூப்ட்டீங்ளாப்பா?" கூப்ட்டேன் கண்ணு, எங்க இருக்கற? "மாடீலதான்." தினகர் எங்க என்று கேட்டார், மாப்பிள்ளை என்று வாய் வரவில்லை. "கீழ படுத்திருக்காருங்ப்பா. லீவு போட்டிருக்காரு." வேலை நாளில் எதற்கு லீவு என்று கேட்கவில்லை. தயார் பண்ணி வைத்திருந்த பொய் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். "உன் ரூமு அப்பிடியேதான் இருக்குது சாமி" என்றார். "காலைல நான் ஒளறுனதெல்லாம் உட்டுரு. பலகை அறுக்கலை, ஆணி அடிக்கலை, ஒண்ணும் ஆகலை. நீ வா." அந்தப் பக்கம் துணி அடித்துக்கொள்கிற சத்தம். "ஒறம்பரையா இல்ல. உன் ஊட்டுக்கு வா." "அம்மா என்னுங்ப்பா சொல்லும்?" என்றாள். "அம்மா என்ன சொல்லுவா, சோத்துக்கு அரிசி கூடப் போடுவா." அவள் சிரித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் அது சிரிப்பில்லை. நான் வந்து கூட்டிக்கட்டுமா என்றார். "வேண்டாங்ப்பா. நீங்க வந்தா அவருக்குத் தெரிஞ்சுரும். பஸ்ஸு ஏறீட்டு நானே கூப்புடறேன். நீங்க கூப்புடாதீங்க." சரி கண்ணு, சரி சாமி. வைக்கப் போகிறாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. "அப்பா." சொல்லு. "அந்த ரூமு கதவுக்கு உள்ளபக்கம் தாழ்ப்பாள் இருக்குதுங்ளா?"

சென்னியப்பன் திரும்பிக் கதவைப் பார்த்தார். இருக்குது கண்ணு, இருக்குது என்றார், தாழ்ப்பாள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே. அவள் வைத்துவிட்டாள். திரையில் கதவை வரைந்திருக்கிறார், அகலம் போட்டிருக்கிறார், எந்தப் பக்கம் திறக்கும் என்று வளைவுக் கோடுகூடப் போட்டிருக்கிறார். தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இவருக்கும் தெரியாது, அங்கேயே வளர்ந்த அவளுக்கும் தெரியாது. இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார், மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டிருக்கும், கேட்கட்டும். கதவைச் சாத்திப் பார்த்தார். மேலே ஒன்று இருந்தது, பென்சில் கனத்துக்கு, நான்கைந்து தடவை அடித்த பெயின்ட் அதன்மேல் ஏறிக் கதவோடு கதவாகிக் கிடந்தது. பிடித்து இழுத்தார், அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் பெயின்டைச் சுரண்டினார், அதன் பின்பக்கத்தால் தட்டினார். தட்டத் தட்டப் பெயின்ட் செதில் செதிலாகக் கண்ணாடிமேல் விழுந்தது. ஒரு அடி கட்டை விரலில் விழுந்தது.

சத்தம் கேட்டுத் துளசிமணி எழுந்து வந்துவிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, ஏனுங், தூங்கற நேரத்துல என்ன இடிக்கறீங்க என்றாள். "பிருந்தா வர்றா" என்றார். அவள் முகத்தில் தூக்கம் போனது. மாப்பிள்ளை கூடவா என்று அவள் கேட்கவில்லை. எதற்கு வருகிறாள் என்றும் கேட்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள், சுரண்டிய இடத்தில் பித்தளை தெரிய ஆரம்பித்திருந்த அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். உனக்குத் தெரியுமா துளசி என்று இவருக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கத் தேவையில்லாமல், அவள் கிட்டே வந்து அந்தத் தாழ்ப்பாளை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆணி ஆடியது.

"இது தாங்காதுங்க" என்றாள். "கடைக்குப் போயி நல்ல கனமா இரும்புல ரெண்டு வாங்கியாங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

சென்னியப்பன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார்.